குழந்தைகள் ஓ.டி.: கிளினிக்கா, கல்லூரியா?

கேள்வி: பி.ஓ.டி. (ஆக்குபேஷனல் தெரபி, அதாவது அன்றாட வேலைகளைத் தானே செய்யப் பழக்கும் சிகிச்சை) படித்து, இன்டர்ன்ஷிப்பும் முடித்து, எட்டு மாதங்களாகக் குழந்தைகளுக்கான தனியார் தெரபி சென்டர் ஒன்றில் வேலை பார்க்கிறேன். ஒரு நாளைக்கு 12 குழந்தைகள், ஆளுக்கு அரை மணி நேரம். யார் வந்தாலும் ஏறத்தாழ ஒரே வரிசைதான்: ஊஞ்சல், தோலில் பிரஷ் தேய்ப்பது, பெரிய பந்து, கடைசியில் பெக் போர்டு (துளைகளில் குச்சி செருகும் பலகை). ஐந்து வயதுப் பையன் ஒருவன், வலது கை காலில் சி.பி. (பெருமூளை வாதம்). வாரம் இரண்டு முறை வருகிறான். போன வாரம் அவன் அம்மா, "ஆறு மாசமா வர்றோம் மேடம், இன்னும் தானா ஒரு வாய் எடுத்துச் சாப்பிடலையே" என்றார். என்னிடம் பதில் இல்லை. எம்.ஓ.டி. என்ற முதுகலை படித்துக் கல்லூரி ஆசிரியராகப் போய்விடலாமா? கிளினிக்கில் தாக்குப்பிடிக்க முடியாதவர்கள்தான் வகுப்பெடுக்கப் போவார்கள் என்கிறார் என் சீனியர். வெளிநாடு போகலாமா, சொந்தமாக சென்டர் வைக்கலாமா என்றும் குழப்பம்.
— வாசகி, சங்கரன்கோவில்

பதில்: வேலையைப் பற்றி நீங்கள் கேட்டிருப்பதற்கெல்லாம் முன்னால் அந்த அம்மாவுக்குப் பதில் வேண்டும். அதைச் சொல்லத் தெரிந்தவர் கிளினிக்கிலும் நிற்கலாம், வகுப்பிலும் நிற்கலாம். தெரியாமல் எம்.ஓ.டி.க்குப் போனால், இதே ஊஞ்சல், பிரஷ், பந்து வரிசையைத்தான் நாளைக்கு 30 மாணவர்களுக்குச் சொல்லிக்கொடுப்பீர்கள்.

ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். வாரம் இரண்டு அரை மணி நேரம் என்றால் ஆறு மாதத்தில் அவன் உங்களிடம் 26 மணி நேரம் இருந்திருக்கிறான். அதில் சாப்பிடுகிற பயிற்சி எத்தனை நிமிடம்? சி.பி. குழந்தைகளின் கைப் பயிற்சி ஆய்வுகளைத் தொகுத்து 2020-இல் வெளியான மதிப்பாய்வு ஒன்று, குழந்தைக்கென்று வைத்த ஒரு குறிப்பிட்ட இலக்கை எட்ட 14 முதல் 25 மணி நேரப் பயிற்சியும், கையின் பொதுவான திறன் கூடுவதற்கு 30 முதல் 40 மணி நேரமும் தேவைப்படுவதாகச் சொல்கிறது. அந்த மணி நேரம் இலக்காக வைத்த வேலையைச் செய்து பழகும் நேரம். ஊஞ்சலில் ஆடினால் தோளும் முதுகும் பலப்படும், அது கைக்கு இறங்கும், கை வந்தால் சாப்பாடு வரும் என்ற ஏணிக் கணக்கை நம் துறை பல காலம் நம்பியது. இன்று அதற்கு ஆதாரம் மிகக் குறைவு. சாப்பிடப் பழக வேண்டுமானால் சாப்பிட்டுத்தான் பழக வேண்டும்.

முதல் வேலை, அவன் கை எந்த நிலையில் இருக்கிறது என்று குறிப்பது. 4 முதல் 18 வயது வரை பொருந்தும், கைத்திறனை வகைப்படுத்தும் மேக்ஸ் அளவுகோலில் ஐந்து நிலைகள். அம்மாவோடு பேசி, அவன் பொருட்களைக் கையாளுவதைப் பார்த்தாலே நிலை தெரிந்துவிடும். நடைக்கும் உட்காருவதற்கும் ஜி.எம்.எஃப்.சி.எஸ். என்ற அளவுகோல் இருக்கிறது, அதற்கும் ஐந்து நிலைகள் (எண் கூடக்கூடச் சிரமம் அதிகம்). இவை முன்னேற்றத்தை அளக்கிற கருவிகள் அல்ல. எதை எதிர்பார்க்கலாம், எதைச் சொல்லி ஆசை காட்டக் கூடாது என்று உங்களுக்குச் சொல்பவை.

அடுத்து, எந்தக் கையால் சாப்பிடப் போகிறான்? இந்தக் கேள்வியைக் கேட்காமலே பலர் வலது கையில் ஸ்பூனைத் திணித்து மாதக்கணக்கில் போராடுகிறார்கள். பிறந்ததிலிருந்தே வலது பக்கம் பலவீனமானவனுக்கு இடது கைதான் முதல் கை. வலது கை உதவிக் கை. வீட்டில் பாட்டி "பீச்சாங்கையால சோறு திங்கலாமா" என்பார். அவரை மூடநம்பிக்கைக்காரர் என்று ஒதுக்காதீர்கள். அவர் கவலைக்குள் சுத்தம் பற்றிய நியாயமான கேள்வி இருக்கிறது, ஏனென்றால் மலம் கழித்தபின் கழுவுவதும் அதே இடது கையால்தான் நடக்கப் போகிறது. கழிப்பறையில் தண்ணீர் பீய்ச்சும் கைக்குழாய் (ஹெல்த் ஃபாசெட்) வைத்துக் கையின் வேலையைக் குறைக்கலாம். சோப்புப் போட்டுக் கழுவுவதைக் கழிப்பறைப் பழக்கத்தின் கடைசிப் படியாகச் சேர்க்கலாம். வலது கைக்கும் சாப்பாட்டில் ஒரு வேலை இருக்கிறது, தட்டைப் பிடிக்கும் என்று பாட்டிக்குச் செய்துகாட்டலாம். பாட்டி ஒப்புக்கொள்ளாத திட்டம் நீங்கள் இல்லாத நேரத்தில் நடக்காது.

இனி சாப்பாடு. உட்காரும் இடத்தில் தொடங்குங்கள். நாற்காலி என்றால் பாதம் இரண்டும் தரையில் அல்லது பலகையில் பதிய வேண்டும், மேசை முழங்கை உயரத்துக்குச் சற்று மேலே. தரையில் சம்மணம் என்றால் இந்தக் குழந்தைகள் ஒரு பக்கமாகச் சாய்வார்கள், இடுப்பு பின்னால் சரியும். ஒரு மணைப் பலகையோ இறுக்கமாக மடித்த போர்வையோ பிட்டத்துக்கு அடியில் வைத்தால் இடுப்பு முன்னால் வரும். உயரமான விளிம்புள்ள தட்டு, அதற்கடியில் நனைத்துப் பிழிந்த துணி. இது இரண்டும் இல்லாமல் ஆரம்பித்தால் தட்டு நகர்ந்துகொண்டே இருக்கும், பையனும் அதைத் துரத்திக்கொண்டே இருப்பான்.

முதலில் உருட்டினால் உருட்டியபடி நிற்கிற உணவு: கெட்டியான தயிர்சாதம், வெண்பொங்கல். சாம்பார் சாதம் அதற்குப் பிறகு, ரசம் சாதம் கடைசியில். இட்லி, தோசையைப் பிய்ப்பது எளிது என்று நினைப்போம். ஒரே கையால் பிய்க்க, சுண்டு விரல் பக்கம் அமுக்கிப் பிடிக்கும்போதே கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் இழுக்க வேண்டும். அது கடினமான அசைவு. இவனுக்கு அதையே நல்ல இரு கை வேலையாக மாற்றலாம்: வலது முஷ்டி தோசையை அமுக்கும், இடது கை கிழிக்கும். தனித்தனி கைப் பயிற்சியாக நீங்கள் தேடுவது இங்கே தானாகவே நடக்கும்.

படிகளைக் கடைசியிலிருந்து ஒவ்வொன்றாக அவனிடம் விடுங்கள். பிசைவதும் உருட்டுவதும் அம்மா. உருண்டையை எடுத்து வாயில் போடுவது மட்டும் அவன் வேலை. பத்து வாயில் எட்டு வாய் தடங்கலில்லாமல் போனால், தட்டிலிருந்து சேர்த்து எடுப்பதும் அவன் வேலை. அதன் பிறகு பிசைவது. உதவி செய்பவர் அவன் எதிரே உட்காரக் கூடாது. இடது பக்கம் சற்றுப் பின்னால் உட்கார்ந்து முழங்கையைத் தாங்க வேண்டும். மணிக்கட்டைப் பிடித்து இழுத்தால் அவன் எதிர்த்து இழுப்பான், அதை நாம் 'டோன் (தசை விறைப்பு) கூடிவிட்டது' என்று எழுதிவைப்போம். சாப்பிடும்போது இருமல், குரல் ஈரமாகக் களகளவென்று மாறுவது, அடிக்கடி நெஞ்சுச்சளி, இதில் ஏதாவது இருந்தால் பயிற்சியை நிறுத்திவிட்டு முதலில் விழுங்குதலைப் பரிசோதிக்க அனுப்புங்கள்.

வீட்டுப் பயிற்சி தோற்பதற்கு அம்மாவின் அலட்சியம் காரணம் அல்ல, பெரும்பாலும் பள்ளி வேன்தான் காரணம். காலை ஏழரைக்கு வேன் வரும் வீட்டில் காலை உணவில் பழக்கச் சொல்லாதீர்கள். சாயந்திர டிபன், 15 நிமிடம், வாரம் ஆறு நாள். பத்து வாரத்தில் 15 மணி நேரம். சென்டரில் ஒவ்வொரு செஷனிலும் பத்து நிமிடம் சாப்பாட்டுக்கே ஒதுக்கினால் இன்னும் மூன்று மணி நேரத்துக்கு மேல். மொத்தம் 18. மேலே சொன்ன 14–25 எல்லைக்குள் வந்துவிட்டீர்கள். இந்தக் கணக்கைத்தான் அந்த அம்மாவிடம் சொல்ல வேண்டும், அவரிடம் கேட்பது எவ்வளவு, நீங்கள் தருவது எவ்வளவு என்று.

அளப்பதற்குக் காஸ் என்ற இலக்கு எட்டல் அளவு போதும். இன்றைய நிலை −2: அம்மாவே ஊட்டுகிறார். எதிர்பார்ப்பு 0: பத்து வாரத்தில், உருட்டி வைத்த தயிர்சாதத்தில் பாதியைத் தானே எடுத்துச் சாப்பிடுகிறான், வாரத்தில் ஐந்து நாளாவது. −1, +1, +2 ஆகியவற்றையும் ஆரம்பத்திலேயே எழுதி அம்மாவிடம் ஒரு பிரதி கொடுத்துவிடுங்கள். பின்னால் உட்கார்ந்து எழுதினால் எல்லா இலக்கும் எட்டியதாகவே தெரியும். பெற்றோரின் பார்வையைப் பதிவு செய்ய சி.ஓ.பி.எம். என்ற அளவு இருக்கிறது: பத்துக்கு மதிப்பெண், இரண்டு புள்ளி ஏறினால் கவனிக்கத்தக்க மாற்றம்.

ஊஞ்சலைத் தூக்கிப் போடச் சொல்லவில்லை. அமெரிக்க ஓ.டி. நிபுணர் ஜீன் ஏயர்ஸ் உருவாக்கிய, ஊஞ்சல் போன்றவற்றால் புலனுணர்வைத் தூண்டும் சென்சரி இன்டக்ரேஷனை ஆட்டிசக் குழந்தைகளிடம் சோதித்த, 2014-இல் வெளியான அமெரிக்க ஆய்வில் 32 குழந்தைகள். வாரம் மூன்று முறை, ஒவ்வொன்றும் ஒரு மணி நேரம், பத்து வாரம். தனிப்பட்ட இலக்குகளில் முன்னேற்றம் இருந்தது. 2022-இல் வெளியான, 138 குழந்தைகள் பங்கேற்ற பிரிட்டன் ஆய்வில், வழக்கமான கவனிப்பைவிட நடத்தையில் குறிப்பிடத்தக்க பலன் தெரியவில்லை. ஆக, சரியாகச் செய்தாலே விடை கலவையாகத்தான் இருக்கிறது. அரை மணி நேரத்தில் பத்து நிமிடம் ஆட்டிவிட்டு அதே பெயரைப் பில்லில் போடுவது எந்த ஆய்விலும் இல்லாத சிகிச்சை. சி.பி. பையனின் சாப்பிடும் கைக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. தோலில் பிரஷ் தேய்ப்பதற்கு இருக்கும் ஆதாரம் இன்னும் மெலிந்தது. ஊஞ்சலில் உட்கார்ந்தால் குழந்தை சிரிக்கிறான் என்றால் ஐந்து நிமிடம் பரிசாகக் கொடுங்கள், கோப்பில் சிகிச்சை என்று எழுதாதீர்கள்.

இப்போது உங்கள் சென்டர். நாளைக்கு 12 செஷன், இடைவெளி இல்லை என்றால் யாராலும் மேலே சொன்னதைச் செய்ய முடியாது. ஏழு, மிஞ்சினால் எட்டு. ஒவ்வொன்றும் 45 நிமிடம், அதில் கடைசிப் பத்து நிமிடம் பெற்றோருக்கு. என் கணிப்பில் இதுதான் எல்லை. உரிமையாளரிடம் போய்க் கொள்கை பேசினால் வேலைக்கு ஆகாது. மூன்று குழந்தைகளை மட்டும் இப்படி நடத்த அனுமதி கேளுங்கள். பத்து வாரத்தில் பெற்றோர் தாமாகவே நாலு பேரிடம் சொல்வார்கள். அதன் பிறகு அவர் கேட்பார். மூன்றுக்கும் அனுமதி இல்லை என்றால் வேறு இடம் பாருங்கள், மன உளைச்சலோடு அங்கேயே கிடக்க வேண்டாம்.

வேறு இடம் என்றால் உங்கள் பக்கத்திலேயே மாற்றுத்திறனாளிகளுக்கான ஆய்க்குடி அமர் சேவா சங்கம் இருக்கிறது. 1981-இல் தொடங்கியது. கிராம வீடுகளுக்கே போகும் பணியாளர்களுக்குத் தெரபிஸ்டுகள் வழிகாட்டும் ஆரம்பகால இடையீட்டுப் பணி (வளர்ச்சிக் குறையுள்ள குழந்தைகளுக்குச் சிறு வயதிலேயே உதவுவது) அங்கே பழக்கமானது. வீட்டுத் தரையில், வீட்டுத் தட்டில் தெரபி செய்யக் கற்க அதைவிட நல்ல களம் இல்லை. 2013-இல் வந்த தேசியக் குழந்தைகள் நலப் பரிசோதனைத் திட்டமான ஆர்.பி.எஸ்.கே.யின் மாவட்ட ஆரம்பகால இடையீட்டு மையங்கள், மாற்றுத்திறனாளிகளுக்கான மாநில அரசின் 'விழுதுகள்' மையங்கள், முட்டுக்காட்டில் உள்ள பல்வகை மாற்றுத்திறனாளிகளுக்கான நிப்மெட் தேசிய நிறுவனம், சென்னை வித்யாசாகர் போன்ற அமைப்புகள் ஆகியவற்றின் அறிவிப்புகளையும் பார்த்து வாருங்கள். ஆர்.சி.ஐ. (இந்திய மறுவாழ்வு கவுன்சில்) பதிவு எண் கேட்கிறார்களே என்று சிலர் பதறுவார்கள். அது ஸ்பீச் தெரபிஸ்ட், சிறப்புக் கல்வியாளர் போன்றவர்களுக்கு உரியது. நம் துறை 2021-இன் தேசிய துணை மற்றும் சுகாதாரப் பணியாளர் ஆணையச் சட்டத்தின் கீழ் வருகிறது. இண்டர்வியூவில் சம்பளத்தோடு சேர்த்து மூன்று கேள்வி கேளுங்கள்: ஒரு நாளைக்கு எத்தனை குழந்தை? கோப்பு எழுத நேரம் உண்டா? குழந்தை வராத நாளில் என் சம்பளம் பிடிக்கப்படுமா? செஷனுக்கு இவ்வளவு பங்கு என்று சொல்லும் இடங்களில் மூன்றாவது கேள்விக்கான பதில்தான் உங்கள் உண்மையான சம்பளம்.

எந்த இடமானாலும் சில குழந்தைகளைத் தெரபி அறையிலிருந்து மருத்துவரிடம் திருப்பி அனுப்பத் தெரிய வேண்டும். நாலைந்து வயதுப் பையன் தரையிலிருந்து எழும்போது தொடையில் கை ஊன்றி ஏறினால், கெண்டைக்கால் பருத்திருந்தால், அது தசைச்சிதைவாக இருக்கலாம். பலப்படுத்தும் பயிற்சி என்று களைக்க வைக்காமல் குழந்தை நரம்பியல் மருத்துவரிடம் அனுப்புங்கள். பேசிக்கொண்டிருந்த குழந்தை பேச்சை இழந்தாலும், கண் நிலைகுத்தும் கணங்கள் வந்தாலும் அப்படியே. ஜி.எம்.எஃப்.சி.எஸ். மூன்று முதல் ஐந்து வரை உள்ள சி.பி. குழந்தைக்கு இடுப்பு எக்ஸ்ரே எப்போது எடுத்தார்கள் என்று கேளுங்கள். இடுப்பு மூட்டு சத்தமில்லாமல் நழுவும், வலி வந்து தெரிவதற்குள் தாமதமாகிவிடும். குழந்தை மீது பாலியல் துன்புறுத்தல் நடந்திருக்கலாம் என்று தெரியவந்தால் 2012 போக்சோ சட்டப்படி நீங்கள் புகார் கொடுத்தே ஆக வேண்டும். சென்டர் பெயர் கெடும் என்பது சட்டத்தின் முன் காரணம் ஆகாது.

எம்.ஓ.டி. பற்றி. படியுங்கள், ஆனால் இன்னும் இரண்டு வருடம் குழந்தைகளைப் பார்த்துவிட்டு. இப்போதே போனால் இரண்டு வருடப் படிப்பில் என்ன கேள்வியை ஆராய்வது என்று தெரியாமல், கையில் கிடைத்த பயிற்சி ஒன்றை 30 குழந்தைகளிடம் செய்து முன்னும் பின்னும் மதிப்பெண் போட்டு ஆய்வேட்டை முடிப்பீர்கள். நூலகங்களில் அந்த வகை நிறைய இருக்கிறது. கல்லூரியைத் தேர்ந்தெடுக்கும்போது கட்டடத்தைப் பார்க்காமல், குழந்தைகள் நலப் பிரிவும் பச்சிளங்குழந்தைத் தொடர்கண்காணிப்பு கிளினிக்கும் அதே வளாகத்தில் இருக்கிறதா, வழிகாட்டி இன்றும் குழந்தைகளைப் பார்க்கிறவரா, ஆய்வுக்கு அனுமதி தரும் நெறிமுறைக் குழு எத்தனை மாதத்துக்கு ஒருமுறை கூடுகிறது என்று விசாரியுங்கள். கடைசிக் கேள்வியைக் கேட்காதவர்கள்தான் ஆறு மாதம் தாமதமாகத் தரவு சேகரிக்க ஆரம்பிப்பார்கள். சிகிச்சை கொடுத்துப் பார்க்கும் ஆய்வென்றால், முதல் குழந்தையைச் சேர்ப்பதற்கு முன்பே சி.டி.ஆர்.ஐ. என்ற இந்திய மருத்துவ ஆய்வுப் பதிவேட்டில் பதிவு செய்தாக வேண்டும். ஏப்ரல் 2018 முதல் பின்தேதிப் பதிவு அங்கே கிடையாது.

உங்கள் சீனியர் சொன்னது தவறு, ஆனால் அவர் எதைப் பார்த்துச் சொல்கிறார் என்பது புரிகிறது. ஸ்லைடில் இருப்பதை அப்படியே வாசிக்கும் வகுப்புகள் இருக்கத்தான் செய்கின்றன. குழந்தையைத் தொட்டுப் பல வருடமான ஆசிரியர் 'டோன்' என்பதற்கு வரையறை சொல்வார். விறைத்த கையைச் சட்டைக்குள் நுழைப்பது எப்படி என்று காட்ட முடியாது. எந்தக் கல்லூரியில் சேர்ந்தாலும் வாரம் இரண்டு அரை நாள் கிளினிக் என்பதை வேலை நிபந்தனையாகவே பேசி வாங்குங்கள்.

கற்பிக்கிற திறமையும் மேலே அந்தப் பையனின் தட்டைப் பிரித்துப் பார்த்த அதே திறமைதான். முதல் வருட மாணவர்களிடம் செயல் பகுப்பாய்வு என்று ஐந்து பக்கம் எழுதச் சொல்லாதீர்கள். மெஸ்ஸிலிருந்து தோசை வரவழையுங்கள். வழக்கமாகச் சாப்பிடாத கையால், மற்றொரு கையைச் சட்டைப் பையில் விட்டுக்கொண்டு சாப்பிடச் சொல்லுங்கள். எந்த விரல் எப்போது என்ன செய்தது, எந்த இடத்தில் நின்றது, எதை மாற்றினால் நகரும் என்று எழுதட்டும். அடுத்த வாரம் சீருடைப் பொத்தான், அதற்கடுத்து இந்தியக் கழிப்பறையில் குந்தி எழுவது. மேலைநாட்டுச் சோதனைகளில் ஸ்பூனும் முள்கரண்டியும் ஷூ லேசும் உண்டு. கவளம் உருட்டுவதும் குந்துவதும் இருக்காது. கையெழுத்திலும் இதே கதைதான். ட, ப இரண்டும் நேர்கோடுகள். 'இ', 'ஐ', 'ண' எல்லாம் சுழித்துத் திரும்பித் தன்னையே வெட்டிக்கொண்டு போகும். குழந்தை வட்டத்தைப் பார்த்து வரைவது மூன்று வயதளவில், கூட்டல் குறி நாலு வயதளவில். இரண்டும் வராத குழந்தையிடம் 'அ'வை நூறு முறை எழுதவைக்கும் பள்ளிக்கு இதை விளக்கத் தெரிந்த மாணவரை உருவாக்கினால் போதும்.

களப்பயிற்சிதான் ஆசிரியரின் உண்மையான வகுப்பறை. உலக ஆக்குபேஷனல் தெரபிஸ்டுகள் கூட்டமைப்பு குறைந்தது 1,000 மணி நேரம் கேட்பதும் அதனால்தான். முதல் வாரம் மாணவர் குழந்தையைத் தொட வேண்டாம், எழுதட்டும். "கவனம் இல்லை" என்று எழுதினால் அடித்துவிடுங்கள், அது தீர்ப்பு. "நாலு நிமிடத்தில் ஆறு முறை எழுந்தான், ஐந்து முறை கதவுச் சத்தம் கேட்டபோது" என்று எழுதினால் அதிலேயே சிகிச்சை இருக்கிறது: கதவை மூடுங்கள். மாணவர் செய்த தவறை அம்மாவின் எதிரில் திருத்தக் கூடாது, ஆனால் அன்றே திருத்த வேண்டும். வார இறுதியில் மொத்தமாகச் சொன்னால் யாருக்கும் நினைவிருக்காது. குழந்தையின் வீடியோவை எடுக்க எழுத்தில் ஒப்புதல் வேண்டும். அது மாணவர்களின் வாட்ஸ்அப் குழுவுக்குப் போகக் கூடாது.

வெளிநாடு: பிரிட்டனுக்கு எச்.சி.பி.சி. என்ற சுகாதாரப் பணியாளர் ஒழுங்குமுறை அமைப்பின் பதிவு. அமெரிக்காவுக்கு என்.பி.சி.ஓ.டி. என்ற தேசியச் சான்றிதழ் வாரியத்தின் தேர்வு, அதன்பின் மாநில உரிமம். உங்கள் கல்லூரிப் படிப்பு மேற்சொன்ன உலகக் கூட்டமைப்பின் அங்கீகாரம் பெற்றதா என்று இன்றே பார்த்துவிடுங்கள். பாடத்திட்டமும் களப்பயிற்சி மணி நேரச் சான்றும் கேட்பார்கள். படித்த இடத்தில் உங்களைத் தெரிந்த ஆசிரியர்கள் இருக்கும்போதே கையெழுத்து வாங்கி வைத்துக்கொள்வது நல்லது.

சொந்த சென்டருக்கு இன்னும் நாள் இருக்கிறது. தொடங்கும் நாளில் பொருட்களுக்குச் செலவிடும் பணத்தைப் பாதியாக்குங்கள். தட்டு, டம்ளர், மணைப் பலகை, பழைய சீருடைச் சட்டை, ஒரு வாளித் தண்ணீர், இதுவே பெரும்பாலான குழந்தைகளுக்கு உபகரணம். முதுகைக் காப்பாற்றிக்கொள்ள சக்கரம் வைத்த குட்டை ஸ்டூல் ஒன்று உங்களுக்கு. ஊஞ்சல் வைத்தே தீருவேன் என்றால் சீலிங் ஃபேன் கொக்கியில் மாட்டாதீர்கள். தொங்கும் எடைக்காக அமைத்த கொக்கி அது, வீசி ஆடும்போது வரும் இழுவை குழந்தையின் எடையைவிட மிக அதிகம். கட்டடப் பொறியாளரிடம் காட்டி, கான்கிரீட் உத்தரத்தில் ஊடுருவி மறுபக்கம் நட்டு போட்ட போல்ட்டாகப் பொருத்துங்கள். கயிறு முறுக்கிக்கொள்ளாமல் சுழலும் இணைப்பு ஒன்றும், திருகிப் பூட்டும் காராபினர் வளையமும் வேண்டும். திறந்த 'எஸ்' கொக்கி மெல்ல மெல்ல வாய் பிளக்கும். வாரம் ஒருமுறை கயிற்றின் தேய்மானத்தைக் கையால் தடவிப் பாருங்கள், ஊஞ்சல் போய்வரும் தூரம் முழுக்கத் தரையில் மெத்தை போடுங்கள்.